துர்சுனாயின் வாயில் மூன்று நூல்

நாலாம் மாடி மைராம்கான் டீச்சர் கீழ்த்தள வீட்டுத் துர்சுனாய்க்குத் தர வேண்டிய கடன் நானூறு சோம். சரவிளக்கு மாட்டிய கூலி. பதினோரு குளிர்காலம் போன பின்னும் அந்தப் பணம் இடம் மாறவில்லை. அது ஒன்றைத் தவிர, ஓஷ் நகரத்தின் தென்கிழக்குக் குடியிருப்பில் துர்சுனாய்க்கு யாரும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. அவளும் வைக்க விட்டதில்லை.

ஸ்டூலில் ஏறும்போது அவள் வாயில் மூன்று நூல் தொங்கும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை. வீட்டுக் கம்பளம் தைத்து மிஞ்சிய ஆட்டு ரோம நூல். அவற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசவும் செய்வாள். புதிதாகக் கேட்பவர்களுக்குப் பாதிதான் புரியும். புரிந்த பாதி பெரும்பாலும் அவளுடைய பெருமையாக இருக்கும்.

"இந்தக் கட்டடத்துல நான் தொடாத கம்பி இல்ல. என்னைத் தொட்ட கம்பியும் இல்ல."

இடது கைச் சுண்டுவிரல் நகம் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டால், கதவில் மாட்டிக்கொண்டது என்பாள். எந்தக் கதவு என்று யாரும் கேட்பதில்லை.

எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். துர்சுனாயும் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். கழற்றிவிட்டு, பையிலிருந்து இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வாள். அது ஸ்டூலில் நிற்பதற்கு மட்டும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பாட்டுத் தட்டைப் போலத் துடைத்து வைத்திருப்பாள். அதைப் பார்த்து எந்த வீட்டுக்காரியாவது முகம் சுளித்தால், "இதுல சோறு போட்டுத் தின்னலாம் தாயி, ஆனா கரண்டு என்னைத் தின்னாது" என்பாள்.

அடுத்தது ஃபியூஸ். படிக்கட்டுப் பெட்டியில் அந்த வீட்டு ஃபியூஸைத் திருகிக் கழற்றி, தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பெட்டியிலேயே விட்டுவைத்தால் யாராவது புண்ணியவான் வந்து மாட்டிவிடுவான் என்பது அவள் எண்ணம். "என் உசிரு என் பாக்கெட்ல இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரன் கையில இருக்கக்கூடாது." ஒருமுறை வேலை முடித்துப் போனவள் மறதியில் ஃபியூஸோடு சந்தைக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் நான்கு மணி நேரம் இருட்டு. அதற்கும் அவள் வருத்தப்படவில்லை. பத்திரமாகத்தானே இருந்தது என்றாள்.

அவள் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. பராமரிப்பு அலுவலகத்தில் படிக்கட்டு பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெருக்கிக்கொண்டே மின்காரர்களின் கையைப் பார்த்தாள். அவர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராத நாட்களில் அவளே ஏறினாள். ஆறு வருஷத்தில் விளக்குமாறு போய் டெஸ்டர் வந்தது. யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வாள். கேட்டவர்களுக்கு இரண்டு முறை சொல்வாள்.

கட்டடமும் அவளுக்கேற்ற கட்டடம். சோவியத் காலத்தில் ஓடவிட்ட அலுமினியக் கம்பிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை உறை. கூரையில் விளக்கைக் கழற்றினால் மூன்று கம்பி தலைகீழாகத் தொங்கும். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒரு வருஷம் புதிதாக ஒரு எஞ்சினீயர் வந்தார். கையில் அச்சடித்த நிற அட்டை. ஸ்டூலில் ஏறி நின்று, "நீலக் கம்பி எங்கே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். வீட்டுக்காரர் மனைவியைக் கேட்டார். மனைவி கீழே வந்து துர்சுனாயைக் கூப்பிட்டாள்.

"வெளுத்ததெல்லாம் பாலா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே துர்சுனாய் ஏறினாள். "எறங்குங்க. அட்டையைப் பத்திரமா வச்சுக்கங்க, விசிறிக்க ஆகும்."

அவள் வழி எளிது. கம்பிகளை ஒன்றோடொன்று படாமல் விரித்து வைப்பாள். கீழே போய் ஃபியூஸை மாட்டிவிட்டு வந்து, சுவரில் இருக்கிற இரண்டு சுவிட்சையும் போடுவாள். டெஸ்டர் முனையை ஒவ்வொரு கம்பியிலும் வைப்பாள். இரண்டு கம்பியில் டெஸ்டருக்குள் சிவப்புப் பொட்டு எரியும். அவை சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸ். ஒன்றில் எரியாது, அதுதான் நியூட்ரல். எரியாததற்கு வெள்ளை நூல். பிறகு ஒரு சுவிட்சை அணைத்து, எது எந்தச் சுவிட்சின் கம்பி என்று பார்த்துச் சிவப்பும் கறுப்பும் கட்டுவாள். மறுபடி ஃபியூஸ் அவள் பைக்குப் போகும். அதன் பிறகுதான் விளக்கின் கம்பிகளோடு சேர்த்துத் திருகாணியை முடுக்குவாள். எங்கும் அவசரம் இருக்காது. இரண்டாம் மாடி வீடென்றால், அதற்கும் கீழ்த்தளத்துப் பெட்டிக்கும் இப்படி நாலு முறை ஏறி இறங்குவாள். "படிச்சவன் தலையால நடப்பான், நான் காலால நடக்கறேன்."

இரண்டாம் மாடி சத்திபால்தி கிழவரின் விளக்கு விவகாரம் குடியிருப்பு முழுக்கத் தெரியும். புதிய எல்இடி பல்பு போட்டதிலிருந்து, சுவிட்சை அணைத்தாலும் அது மின்மினி மாதிரி மங்கலாக ஒளிவிட்டது. காலமான தம்பிதான் வந்து பார்க்கிறான் என்று முடிவு கட்டிய கிழவர், முல்லாவை வரவழைத்து, மூன்று வாரம் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து துவா ஓதினார். துர்சுனாய் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாள். எவனோ அந்தக் காலத்திலேயே சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தான். மாற்றி வைத்தாள். விளக்கு அணைந்தது.

"தம்பி போயிட்டானா?" என்றார் கிழவர்.

"போயிட்டாரு தாத்தா. போகும்போது, அடுத்த தடவை முல்லாவுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடச் சொன்னாரு."

கூலி வாங்குவதில்தான் அவளுடைய பெரிய கிறுக்கு. தொகை சொல்வாள், அதில் பேரம் கிடையாது. ஆனால் பணத்தை உள்ளங்கையில் வைத்த பின்னும் விரலை மடக்க மாட்டாள். வீட்டுக்காரர் "மனசு நிறைஞ்சுது" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை மூடும். நிறையாத மனசின் காசு வயிற்றில் தங்காது என்று ஊரில் எல்லோரும்தான் சொல்வார்கள். ஆனால் சொல்லிவிட்டுக் காசைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். துர்சுனாய் ஒருத்திதான் கையை விரித்தபடி நின்று காத்திருப்பவள்.

அந்தக் கை ஒரே ஒருமுறை மூடாமல் திரும்பியிருக்கிறது.

மைராம்கான் டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். சரவிளக்கு வாங்கிய அன்று அவரே கீழே வந்து துர்சுனாயைக் கூட்டிப்போனார். ஐந்து பல்பு விளக்கு. ஒரு சுவிட்சுக்கு இரண்டு பல்பு, இன்னொன்றுக்கு மூன்று. துர்சுனாய் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியாத கம்பியைக் கண்டுபிடித்து இடது விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். வெள்ளை நூலை வாயிலிருந்து எடுக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்துக் கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று. குளிர்காலத்தில் அது அதிசயமில்லை.

டீச்சர் கீழே நின்று ஒரு கிண்ணம் பச்சைத் தேநீரை நீட்டினார். ஸ்டூல் மேல் நின்றாலும் நீட்டிய கிண்ணத்தை மறுக்கக்கூடாது. வலது கையில் டெஸ்டர். துர்சுனாய் இடது கையால் வாங்கினாள்.

குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, மூன்று கம்பியும் மறுபடி ஒரு தாய்ப் பிள்ளைகளாகத் தொங்கின.

"கரண்ட் வரட்டுமே. இன்னொரு கிண்ணம் ஊத்தறேன்" என்றார் டீச்சர்.

"என் விரலுக்குக் கரண்ட் வேண்டாம் டீச்சரக்கா. அதுக்கே ஞாபகம் இருக்கும்."

கட்டினாள், முடுக்கினாள், இறங்கினாள், கையை விரித்தாள். டீச்சர் இருபது சோம் நோட்டாக இருபது எண்ணி வைத்தார். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. "லைட் எரியட்டும், சொல்றேன்." முப்பத்திரண்டு வருஷத்தில் விடையைப் பார்க்காமல் அவர் மதிப்பெண் போட்டதில்லை. துர்சுனாய் விரித்த கையிலிருந்த பணத்தைச் செருப்பு அலமாரி மேல் கவிழ்த்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

மாலையில் கரண்ட் வந்தது. மறுநாள் காலை படிக்கட்டில் டீச்சர் சொன்னார்: "மொத சுவிட்சைப் போட்டா ரெண்டு பல்பு எரியுது. ரெண்டாவதைப் போட்டா அஞ்சும் எரியுது, ஆனா தூக்கக் கலக்கத்துல. ரெண்டையும் சேர்த்துப் போட்டா மறுபடி ரெண்டே ரெண்டு. அஞ்சும் ஒழுங்கா எரியறதே இல்ல."

"பல்பு சரியில்ல" என்றாள் துர்சுனாய்.

சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டாம் மாடி வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நியூட்ரலும் முதல் சுவிட்சின் கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. வேறெதுவும் இப்படி எரியாது. திரும்பி ஏற வேண்டிய படிகள் முப்பத்தாறு. அவள் சத்திபால்தி கிழவர் வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு இறங்கியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு படிக்கட்டில்தான் எல்லாம்.

"என்ன உஸ்தா, உங்க விளக்குக்கு இன்னும் தூக்கம் தெளியலையே" என்பார் டீச்சர். உஸ்தா என்றால் கைதேர்ந்தவர். மற்றவர்கள் மரியாதையாகச் சொல்வதை டீச்சர் ஊசியில் கோத்துச் சொல்வார்.

"பல்பை மாத்துங்க டீச்சரக்கா."

"பதினாறு பல்பு மாத்தியாச்சு."

"அப்ப கடையை மாத்துங்க."

அந்த நானூறு சோமுக்கு அப்போது ஒரு ஆட்டுத் தொடை வாங்கலாம். பிறகு பாதித் தொடை. இப்போது எலும்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த வருஷம் நவம்பரில் விஷயம் வேறு திசையில் திரும்பியது. துர்சுனாயின் மகன் எல்தியார், டீச்சரின் கடைசி மகள் ஆய்சுலூவைக் கட்டிக்கொள்ள விரும்பினான். இரண்டு பெரியவர்களும் ஊசிப் பேச்சு எறிந்துகொண்டிருந்த அதே படிக்கட்டில், இரண்டு சிறியவர்களும் வேறென்னவோ பேசியிருக்கிறார்கள். பெண் சம்மதம். தகப்பனார்களும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை தோடு போடும் சடங்கு. மாப்பிள்ளையின் தாய், பெண் வீட்டுக்குப் போய், தன் கையால் பெண்ணின் காதில் தோட்டைத் திருகிவிட வேண்டும். அதோடு சம்பந்தம் உறுதி.

பெண் வீட்டு நடுக்கூடத்தில், அந்தச் சரவிளக்கின் கீழே.

வியாழக்கிழமை சாப்பிடும்போது துர்சுனாயின் கணவர் ஜெனிஷ், வண்டியோட்டி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "உஸ்கென்லேர்ந்து எங்கக்கா வர்றா. அவ வாய் உனக்குத் தெரியும். நீ இருட்டுல பொண்ணு காதைத் தடவிக்கிட்டு நிக்கும்போது, 'இந்த விளக்கை எவன் மாட்டினான்'னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"எவனும் மாட்டலைன்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

"டீச்சர் வாயை மூடிக்கிட்டு இருப்பாங்களா?"

துர்சுனாய் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். உஸ்கென் நாத்தனாருக்குத் தெரிந்தால் உஸ்கென் முழுக்கத் தெரிந்த மாதிரி. எட்டாம் வகுப்புக்காரி, எஞ்சினீயரை இறக்கிவிட்டவள், முப்பது வருஷம் சேர்த்த பெயர் ஒரே நாளில் இரண்டு பல்பு வெளிச்சமாக மங்கிவிடும். போதாக்குறைக்கு இன்னொன்றும் உண்டு: இரண்டு வீட்டுக்கு நடுவில் கடன் நிற்கும்போது தோடு ஏறக்கூடாது. ஏறினால் அந்தக் கடன் பெண்ணின் தலையில் ஏறும் என்பார்கள். டீச்சர் பணம் தர வேண்டும். அதற்கு மனசு நிறைய வேண்டும். அதற்கு விளக்கு எரிய வேண்டும். அதற்குத் துர்சுனாய் படியேற வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஏறினாள். எழுபத்திரண்டு படி. கையில் பை, பையில் ரப்பர் செருப்பு. நாலாம் மாடி வாசலில் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரிக்கிற எண்ணெய் வாசனை. டீச்சர் மாவுக் கையோடு கதவைத் திறந்தார்.

"சம்பந்தியம்மா நாளைக்குத்தானே வரணும்?"

"சம்பந்தி நாளைக்கு வருவா. இன்னைக்கு உஸ்தா வந்திருக்கேன்."

"எதுக்கு? பல்புதானே சரியில்ல?"

துர்சுனாய் இதற்குக் கீழ்த்தளத்திலேயே பதில் யோசித்து வைத்திருந்தாள். "விளக்கே சரியில்லையோன்னு பாக்கறேன். சீனாச் சரக்கு. உள்ளே எங்கேயாவது வயர் விட்டிருக்கும்."

"ஓ" என்றார் டீச்சர். அந்த ஓவில் முப்பத்திரண்டு வருஷ வகுப்பறை இருந்தது. கூடத்திலிருந்த மகளை அடுப்பைப் பார்க்க அனுப்பிவிட்டு, ஸ்டூலை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஃபியூஸ் பைக்குள் போயிற்று. கம்பிகளை மூடியிருந்த கூரைக் கிண்ணத்தை இறக்கினாள். மூன்று கம்பி. மூன்றிலும் அவள் கட்டிய நூல், தூசி படிந்து, முடிச்சுக் குலையாமல். கனெக்டரைத் தளர்த்திக் கம்பிகளை விரித்தாள். கீழே போய் ஃபியூஸை மாட்டிவிட்டு வந்து, சுவிட்ச் இரண்டையும் போட்டு, டெஸ்டரை வைத்தாள்.

வெள்ளை நூல் கட்டிய கம்பியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. சிவப்பு நூல் கட்டியது செத்துக் கிடந்தது.

தெரிந்ததுதான். தெரிந்தது வேறு, கண்ணுக்கு நேரே எரிவது வேறு. அவள் டெஸ்டரை எடுத்து மேலங்கியில் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தாள். அது மறுபடியும் எரிந்தது.

கீழே டீச்சர் ஒரு கிண்ணத்தோடு நின்றார். "தேநீர்."

"கீழே வைங்க டீச்சரக்கா. எறங்கிக் குடிக்கறேன்."

"மறுக்கக்கூடாதே."

"மறுக்கல. தள்ளி வைக்கறேன்."

அன்றைக்கு அவள் வேலை சுத்தமாக இருந்தது. டெஸ்டர் சொன்னபடி நூலை அவிழ்த்தாள். வாயிலிருந்த புது நூலைக் கட்டினாள். ஒரு சுவிட்சை அணைத்துப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். மறுபடி படியிறங்கி ஃபியூஸைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். முடுக்கினாள், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். கூரைக் கிண்ணத்தை ஏற்றி மூடினாள், சுவிட்ச் இரண்டையும் அணைத்தாள். அவிழ்த்த பழைய வெள்ளை நூல் இடது உள்ளங்கைக்குள் இருந்தது. தூசி ஏறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சீன விளக்கு என்ன, எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறது?

படியிறங்கி ஃபியூஸை மாட்டிவிட்டு வந்தாள். டீச்சர் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். முதலாவதைத் தட்டினார்: இரண்டு. இரண்டாவதைத் தட்டினார்: ஐந்து. ஐந்தும் கண் கூசும் அளவுக்கு. கூடத்தின் மூலையில், பதினோரு வருஷமாக யாரும் பார்க்காத ஒட்டடை ஒன்று தெரிந்தது. டீச்சர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"விளக்குக்குள்ள என்ன பழுது?" என்றார்.

துர்சுனாய் கிண்ணத்தை எடுத்தாள். ஆறிப்போயிருந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு இடது கையை நீட்டி, அந்தச் சாம்பல் நிற நூலை டீச்சரின் மாவுக் கையில் வைத்தாள்.

"விளக்குல பழுதில்ல. இது நான் கட்டினது. தப்பான கம்பியில."

டீச்சர் நூலைப் பார்த்தார். உள்ளறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஒரு பழைய பௌதிகப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். நடுப்பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு தாள். அதில் ஐந்து பல்பு, இரண்டு சுவிட்ச், மூன்று கம்பி, அளவுகோல் வைத்து வரைந்த படம். இரண்டு கம்பிக்கு மேல் ஒரு வளைந்த அம்புக்குறி. மூலையில் தேதி. அது விளக்கு மாட்டிய அதே நாளின் தேதி.

துர்சுனாய்க்குப் படம் படிக்கத் தெரியாது. அம்புக்குறி புரிந்தது.

"அன்னைக்கே தெரியுமா?"

"கரண்ட் வந்து கால் மணி நேரத்துல தெரியும்."

"அப்ப ஏன் நீங்களே ஏறி மாத்தல?"

டீச்சர் ஸ்டூலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பேப்பர்ல மாத்தறது சுலபம் துர்சுனாய். எனக்குக் கரண்ட்னா பயம்."

"முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தீங்களே."

"அதனாலதான் பயம்." நூலைத் தாளின் மேல் வைத்துவிட்டு, "நீ படியேறி வந்து கேப்பேன்னு பாத்தேன்" என்றார். "தேநீரை நீட்டினது என் தப்பும்தான். கம்பியைப் பிடிச்சிருந்த கைன்னு பாக்கல."

"எந்தக் கையால வாங்கறதுன்னு எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்." துர்சுனாய் சிரிக்காமல் சொன்னாள். "இன்னைக்குச் சரவிளக்கு மாட்ட ஆயிரத்தைந்நூறு. தெரியும்ல?"

"அன்னைக்கு வேலைக்கு அன்னைக்குக் கூலி."

"பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரியே பேசுங்க."

புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் பணம் இருந்தது. இருபது சோம் நோட்டுகள், தட்டையாகி, இஸ்திரி போட்டது போல. டீச்சர் கட்டாக நீட்டினார்.

"எண்ணிப் போடுங்க" என்றாள் துர்சுனாய். ரப்பர் செருப்போடு நின்றபடி வலது கையை விரித்தாள்.

டீச்சர் வருகைப் பதிவு எடுப்பதுபோல எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு நோட்டிலும் மாவுத் தடம் விழுந்தது. அடுக்களையில் எண்ணெய்ச் சத்தம் நின்று, ஆய்சுலூ வாசல்படியில் வந்து நின்றாள். பதினாறு, பதினேழு. துர்சுனாயின் விரல்கள் அசையவில்லை. பதினெட்டு. பத்தொன்பது.

கடைசி நோட்டை டீச்சர் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அண்ணாந்து ஐந்து பல்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதை மற்றவற்றின் மேல் வைத்தார். இருபது என்று சொல்ல வேண்டிய இடத்தில், "மனசு நிறைஞ்சுது" என்றார்.

துர்சுனாய் விரல்களை மடக்கினாள்.